தியாகத் தாயா, ஈகத் தாயா?

செட்டிநாட்டைக் களமாகக் கொண்ட கதைக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் 'தியாகத் தாய்' என்று எழுதிவிடுவார்கள். கணவன் ரங்கூனில், பிள்ளைகள் வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில்), வைரத்தோடு அடகில். இவ்வளவு இருந்தால் போதும், பட்டம் தயார். அந்தப் பட்டம் எல்லா ஆச்சிக்கும் (செட்டிநாட்டில் மணமான பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள்) பொருந்துமா என்பதைச் சொல்லை வைத்தே பார்க்கலாம்.

தியாகம் வடசொல். 'த்யஜ்' என்ற வேருக்கு விடுதல், துறத்தல் என்று பொருள். கீதையின் 18ஆம் அத்தியாயம், செயலின் பலனை விடுவதுதான் தியாகம் என்கிறது. பழந்தமிழ் வழக்கில் இந்தச் சொல் கொடைப் பக்கம் சாய்ந்தது. விக்கிரம சோழனுக்குத் 'தியாகசமுத்திரன்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடைக்கடல் என்பதே அதன் பொருள். அந்த அரசன் எதையும் இழந்து வாடினான் என்று அர்த்தமில்லை. பிறருக்காகத் தன்னை வருத்திக்கொள்வது என்ற பொருள் பொதுமக்கள் பேச்சில் ஊன்றியதற்கு விடுதலைப் போராட்டம் பெரிய காரணம். சிறைக்குப் போனவர் தியாகி ஆனார். 1942 ஆகஸ்டில் நீதிமன்றம் எரிக்கப்பட்ட தேவகோட்டைப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் கதைகளும் சினிமாவும் அதை அம்மாவுக்குச் சூட்டின. தியாகிக்கு ஓய்வூதியம் உண்டு, தியாகத் தாய்க்குத்தான் அது இல்லை.

இதற்குத் தமிழ்ச் சொல் ஈகம். செய்பவர் ஈகி. தனித்தமிழ் எழுத்தில் இரண்டும் நன்றாகவே பழகியவை. வேர் 'ஈ', கொடு என்பதுதான். ஆனால் தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் ஒன்றாக்கவில்லை. "ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே" என்கிறது. தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவன் சொல்வது 'ஈ'. அப்படியானால் ஈகிறவர் உயர்ந்த இடத்தில் நிற்கிறார். 'தியாகத் தாய்' என்றதும் கண்ணீரும் கிழிந்த சேலையுமாக ஒரு உருவம் வருகிறதே, ஈகத்தில் அது இல்லை. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே அதனால்தான்.

குறள் இன்னும் கறாரானது. "வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து." குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்து, அதே அளவு திரும்ப வாங்கும் கைமாற்று. கணக்கு எழுதியே வளர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் கிடைக்காது. செட்டிநாட்டில் பெண்ணுக்கு வரும் சீர் எழுத்தில் இருக்கும். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு அவள் பெயரிலேயே வளர்ப்பார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன கணவன் மூன்று வருஷம் கழித்துத் திரும்பும்வரை வீட்டுச் செலவும் சடங்கும் கோயில் காரியமும் அவள் கையில் இருந்தன. ஆக, இந்த ஊர்த் தாய் எதை விட்டாள் என்பதற்குத் தொகையே சொல்லலாம். அதைச் சொல்லாமல் 'எல்லாவற்றையும் இழந்தாள்' என்று எழுதும் கதாசிரியர் வேலையில் பாதியைச் செய்யாமல் விடுகிறார்.

பர்மாவில் சொத்து போனபிறகு நடக்கும் ஒரு கதையை நினைத்துப் பாருங்கள். ஆச்சி சாமான் அறையைத் திறக்க, பித்தளைக் குடங்களும் வெண்கலப் பானைகளும் அடுக்கு அடுக்காக இறங்கி வளவில் பரவுகின்றன. ஒவ்வொரு பாத்திரத்திலும் அவள் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது. வாங்க வந்தவர் தராசைச் சரி பார்க்கிறார். "எதுக்கு ஆத்தா இதெல்லாம்?" என்கிறான் மகன். "இடத்தை அடச்சுக்கிட்டுக் கெடக்குப்பா" என்கிறாள். கல்லூரிக் கட்டணம் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. இது ஈகம். இதே ஆச்சி, மகன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "ஒன்னப் படிக்க வைக்கத்தான் எல்லாத்தையும் வித்தேன்" என்று சொன்னால் அது குறியெதிர்ப்பை. இரண்டாவது ஆச்சி மட்டமான பாத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். கதைக்கு அவள்தான் சுவாரசியமானவள். பட்டம்தான் தப்பு.

இன்னொரு சொல்லும் இங்கே குழம்புகிறது: பலி. பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டுகிறார்கள், அதாவது தத்து எடுக்கிறார்கள். தாயைக் கேட்காமல் பெரியவர்களே பேசி முடித்து, அவள் பெற்ற மகனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அவள் எதையும் ஈயவில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது பலி. அதைத் தியாகம் என்று எழுதுவது எடுத்தவர்களுக்குத்தான் வசதி. நம் கதைகளில் தியாகத் தாய் என்று வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கில் சேர வேண்டியவர்கள்.

இந்தத் தாய்க்கு மூதாதை யார் என்று கேட்டால் புறநானூறு 279-ஐக் காட்டலாம். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். சிவகங்கைப் பக்கத்து ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். நேற்றைய போரில் கணவனை இழந்தவள், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் பறட்டைக் குடுமியில் எண்ணெய் நீவி, வெள்ளை உடுத்தி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். "செல்க என விடுமே" என்று பாட்டு முடிகிறது. கவனித்தால், வடமொழி வேருக்கு நேரான 'விடு' என்ற வினையே அங்கே நிற்கிறது. கூடவே 'விருப்புற்று மயங்கி' என்றும் இருக்கிறது. அந்த மயக்கத்தைப் பாட்டு மறைக்கவில்லை, அவளைத் தெய்வமாக்கவும் இல்லை.

சரி, எதை எழுதுவது? கட்டுரையில், மதிப்புரையில் 'ஈகத் தாய்' தாராளமாக வரலாம். 'தன்னல மறுப்புத் தாய்' என்பது அரசாணை மாதிரி இருக்கிறது. கதைக்குள் வரும் உரையாடலில் ஈகமும் வேண்டாம், தியாகமும் வேண்டாம். காரைக்குடியில் ஒரு அப்பத்தா தன் மருமகளைப் பற்றி "தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கலை அவ" என்றுதான் சொல்வார்.