தொல்லியல் படித்த வன்னிப் பிள்ளைக்கு அடுத்தது என்ன?

வன்னியில் ஒரு பிள்ளை தொல்லியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "உத்தியோகம் கிடைக்குமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். "வயலுக்குள்ள எல்லைக்கல் போடுற திணைக்களத்துக்கே போகப்போறாய்?" என்பதைப் பலர் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். மக்களின் காணியைத் தொல்லியல் இடமென்று கல் நடும் தொல்பொருள் திணைக்களத்தின்மேல் உள்ள அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் காணியையும் குளக்கட்டையும் அறிந்த ஒருவர் அந்தத் திணைக்களத்து மேசையில் இருக்கவேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

உத்தியோகத்துக்கு வருவோம். தொல்பொருள் திணைக்களம் 1890 முதல் இயங்குகிறது, மத்திய கலாசார நிதியம் 1980 இல் வந்தது. இரண்டிலும் வெற்றிடம் எப்போதாவதுதான் வரும். வர்த்தமானியைப் பார்த்துப் பார்த்தே வயதெல்லை தாண்டியவர்கள் உண்டு. ஆசிரியர் நியமனமோ, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியோ கிடைத்துப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். படித்தது மெல்ல மறந்துபோகும், சம்பளம் மாதாமாதம் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

துறையிலேயே நிற்க விரும்புகிறவருக்குப் பட்டத்தோடு இன்னொரு கைத்திறன் வேண்டும். எங்கள் பகுதியில் அவசரமாகத் தேவைப்படுவது தடயவியல் தொல்லியல், அதாவது மனிதப் புதைகுழிகளை நீதிமன்றத்துக்குச் சான்றாக நிற்கும்படி அகழும் வேலை. 2018 இல் தொடங்கிய அகழ்வில் மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் இன்னொரு மனிதப் புதைகுழி தெரிந்தது. இரண்டிலும் சட்ட வைத்திய அதிகாரிகளோடு பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் தொல்லியலாளர்கள் வேலை செய்தார்கள்.

ஏன் தொல்லியலாளர்? ஒருமுறை வெட்டி மூடிய மண் பழையபடி இறுகாது. நிறம் கலங்கியிருக்கும், கரண்டி முனைக்கு இளக்கமாகப் போகும். அந்த வேறுபாட்டைப் பிடித்துக் குழியின் விளிம்பை முதலில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு எலும்பை அசைக்காமல் சுற்றியுள்ள மண்ணை மட்டும் எடுத்து, பொத்தான், துணி, தகடு ஒவ்வொன்றையும் கிடந்த இடத்திலேயே அளந்து படமெடுத்து இலக்கமிட வேண்டும். வெளியே போகும் மண் முழுவதும் அரிதட்டில் விழவேண்டும். இதையெல்லாம் நீதவான் கேட்டால் விளங்கப்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். மன்னார் மாதிரிகளின் காபன் காலக்கணிப்பு 2019 இல் 1404 முதல் 1635 வரை என்று வந்தபோது, அவை போர்க்காலத்தவையா பல நூற்றாண்டுப் பழையவையா என்று எழுந்த வாக்குவாதம் நினைவிருக்கும். ஆய்வுகூடம் தரும் ஆண்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது, மாதிரி எந்த மண்படையில் எடுக்கப்பட்டது என்ற பதிவில் தங்கியிருக்கிறது. இதை முறையாகப் படிக்கப் பிரித்தானியாவின் போர்ன்மவுத், கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகங்கள் பெயர்பெற்றவை. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள் என்பதால், பட்டம் முடிந்த கையோடு ஏதாவது களத்தில் சேர்ந்துவிடுங்கள்.

உள்ளூரில் என்றால், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து கொழும்பில் இயங்கும் தொல்லியல் பட்டப்பின் நிறுவகம் இருக்கிறது. டிப்ளோமா முதல் கலாநிதிப் பட்டம் வரை அங்கே போகலாம். கல்வெட்டிலோ கடல்சார் தொல்லியலிலோ ஆர்வமுள்ளவர்கள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். வவுனியா பெரியபுளியங்குளத்துப் பிராமிக் கல்வெட்டுகள் விசாகன் என்ற தமிழ் வணிகனைச் சொல்கின்றன. அவற்றை நேரே வாசிக்கப் பிராகிருதம் வேண்டும். அதற்கு எங்களில் ஆட்கள் மிகக் குறைவு.

இன்னொரு வழி, பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன் செய்யும் தொல்லியல் தாக்க மதிப்பீடு. வீதி, வாய்க்கால், மின்திட்டம் என்று வேலை வரும்போது களத்தில் வரைபடம் போடத் தெரிந்தவருக்குத்தான் அழைப்பு வரும். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம், மடிக்கணினி இருந்தால் போதும். சிங்களத்தில் அறிக்கை வாசிக்கும் அளவுக்காவது பழகுங்கள். அது இல்லாமல் திணைக்களக் கோப்பு எதையும் புரட்ட முடியாது.

இறுதி வருட ஆய்வேட்டுக்கு மன்னாரின் பெயர்பெற்ற தொல்லியல் இடங்களான மாந்தையையும் கட்டுக்கரையையும் எல்லோரும் கேட்பார்கள். உங்கள் ஊர்க் குளக்கட்டை எடுங்கள். பழைய துருசு (மதகு), கட்டில் செருகிய செங்கல், அலைகரையில் கிடக்கும் பானை ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஆள்கூறு குறித்து வரைபடத்தில் ஏற்றுங்கள். தோண்டக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாத அகழ்வு குற்றம். ஓட்டுத் துண்டையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த வரைபடத்தை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகலாம்.