இலவசமாகக் கொடுக்கும் ஓவியத்துக்கும் உரிமம் எழுதுங்கள்

கணினி விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைவது என் தொழில். விளையாட்டு வெளியாவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் வேலையும் பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். அப்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது 'இலவசப் படங்கள்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை. உள்ளே மரம், பாறை, புதையல் பெட்டி, எலும்புக்கூடு எல்லாம் இருக்கும். யார் வரைந்தது, என்ன நிபந்தனையில் கொடுத்தது என்பது மட்டும் இருக்காது. மிக அழகான படங்களைக்கூட அதனால் ஒதுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் நல்ல மனதோடு கொடுத்த உழைப்பு இப்படி வீணாகிறதே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பதிப்புரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரைந்து முடித்ததுமே அது ஓவியருக்கு உரியதாகிவிடுகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், சரி. நிறத்தை மாற்றலாமா? விலைக்கு விற்கும் விளையாட்டில் வைக்கலாமா? மாற்றிய படத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? இவற்றுக்கு அந்த ஒரு வரியில் விடை இல்லை. இவற்றுக்கெல்லாம் விடை எழுதிவைக்கும் நிபந்தனைகளைத்தான் உரிமம் என்கிறோம். விடை இல்லாத இடத்தில் பொறுப்பான குழு எதுவும் கைவைக்காது.

சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியைச் சொல்வேன். படைப்புகளைப் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்களை எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், மோசில்லா, விளையாட்டு ஓவியங்களைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளம் ஆகியவை சேர்ந்து நடத்தியது. ஜூன் மாதம் ஓவியத்துக்கு, ஜூலை மாதம் அந்த ஓவியங்களை வைத்து விளையாட்டு உருவாக்குவதற்கு. தொடங்குவதற்கு முன்பே ஒரு பாணிக் கையேட்டை வெளியிட்டார்கள். தரை ஓடு 32க்கு 32 பிக்சல், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், பார்வைக் கோணம் என்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. முன்பின் அறியாத ஓவியர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வரைந்த படங்கள் ஒரே ஊரைச் சேர்ந்தவை போல ஒட்டிக்கொண்டதற்கு அந்தக் கையேடே காரணம்.

அந்தப் போட்டியின் மனித உருவத் தாளை, அதாவது ஓர் உருவத்தின் அசைவுகளையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்த ஒரே படத்தை, திறந்து பாருங்கள். 832 பிக்சல் அகலம், 1344 பிக்சல் உயரம். அதை 64க்கு 64 கட்டங்களாகப் பிரித்தால் 13 நெடுவரிசை, 21 கிடைவரிசை. மந்திரம் ஓதுவதற்கு 7 ஃபிரேம் (அசைவின் தனித்தனிப் படங்கள்), ஈட்டியால் குத்துவதற்கு 8, நடைக்கு 9, வாள் வீச்சுக்கு 6, அம்பு எய்வதற்கு 13. இவை ஒவ்வொன்றும் நான்கு திசைகளில். கடைசி வரிசையில் அடிபட்டு விழுவது மட்டும் ஒரே திசையில். இந்த அமைப்பு மாறாததால், ஒருவர் வரைந்த உடலின் மேல் இன்னொருவர் வரைந்த சட்டையையும் மூன்றாமவர் வரைந்த தலைமுடியையும் அப்படியே அடுக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் புதிய ஓவியர்கள் அதில் தொப்பியும் கவசமும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 3.0 (இதைக் கீழே விளக்குகிறேன்) என இரட்டை உரிமத்தில் வெளியிட்டதால் யாரும் யாரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மறக்கக் கூடாத கடமை ஒன்று உண்டு: சட்டைக்காரர், தலைமுடிக்காரர் என எல்லோர் பெயரையும் விளையாட்டில் குறிப்பிட வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி) உரிமங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? சிசி-ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை, பெயர்கூடக் குறிப்பிட வேண்டாம். நெதர்லாந்தின் கென்னி நிறுவனம் ஆயிரக்கணக்கான படங்களை இப்படித்தான் கொடுக்கிறது. 2012 டிசம்பரில் மூடப்பட்ட 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டின் ஓவியங்களையும் அதை உருவாக்கிய நிறுவனம் அடுத்த ஆண்டு இதே முறையில் பொதுவுக்கு விட்டது. சிசி-பை என்றால் பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பை-எஸ்ஏ என்றால், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இசை கொடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நகரும் படத்தோடு நேரம் பொருந்த இசையைச் சேர்த்தாலே அது மாற்றிய வடிவம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன.

'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற என்சி நிபந்தனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கொடுப்பவருக்கு அது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் விளையாட்டை இலவசமாகக் கொடுத்து விளம்பரம் காட்டினால் அது வணிகமா, நன்கொடை வாங்கினால் வணிகமா என்று தெரியாமல் குழுக்கள் ஒதுங்கிவிடும். ஓப்பன்கேம்ஆர்ட் இந்த நிபந்தனையுள்ள படங்களை ஏற்பதே இல்லை. பெயர் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு சிசி-பை 4.0 போதும். ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள்: இந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. நாளை நீங்கள் படத்தை நீக்கினாலும், ஏற்கெனவே பெற்றவர் நிபந்தனைகளைக் காக்கும்வரை தொடர்ந்து பயன்படுத்தலாம்.

உங்களுடையது அல்லாததைக் கொடுக்காதீர்கள் என்று தனியே சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டியிருக்கிறது. பழைய விளையாட்டுகளிலிருந்து உருவி எடுத்த உருவங்கள், விலை கொடுத்து வாங்கிய தொகுப்பில் நிறம் மாற்றியவை, தேடுபொறியில் கிடைத்த புகைப்படத்தின் மேல் வரைந்தவை எல்லாம் 'என் ஓவியம்' என்ற பெயரில் சுற்றுகின்றன. நம்பி எடுத்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். இன்னொன்று, வேலையில் இருப்பவர்களுக்கு. இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணியின் பகுதியாக வரைந்ததற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். நிறுவனம் நிராகரித்த வரைவு என்பதற்காக அது உங்களுடையதாகிவிடாது. எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு வெளியிடுங்கள்.

இனி 'ஜாம்' எனப்படும் சவால்கள், அதாவது குறித்த காலத்துக்குள், குறித்த கட்டுப்பாட்டுக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கும் போட்டிகள். புதிதாக வரைபவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. கேம்பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் காலத்தை நினைவூட்டும் ஜிபிஜாமில் திரை 160க்கு 144 பிக்சல், நிறம் நான்கே நான்கு. லோரெஸ்ஜாமில் திரை மொத்தமே 64க்கு 64. எல்லையற்ற திரையில் தடுமாறும் மாணவர், நான்கு நிறத்தில் ஒரு நாயை நாயாகத் தெரியவைக்கும்போதுதான் நிழலுருவத்தின் அருமையை உணர்கிறார். முடிக்கும் பழக்கமும் வருகிறது. 2002இல் தொடங்கிய லுடும் டேரில் 48 மணி நேரப் பிரிவு தனியொருவருக்கானது. ஓவியம், இசை, நிரல் அனைத்தையும் அந்த நேரத்துக்குள் அவரே உருவாக்க வேண்டும். 72 மணி நேர ஜாம் பிரிவில் குழுவாகச் சேரலாம், பிறர் கொடுத்த படங்களையும் பயன்படுத்தலாம். அப்படிப் பயன்படுத்தினால் ஓவியத்துக்கான மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

பரிசுத்தொகை அறிவித்து நிறுவனங்கள் நடத்தும் ஓவியப் போட்டிகள் வேறு வகை. விதிமுறையின் அடிப்பகுதியில் 'அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் நடத்துநருக்கே சொந்தம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பரிசு பெறாதவரின் ஓவியத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும் வரி அது. காட்சிப்படுத்த மட்டும் அனுமதி கேட்கும் போட்டி நியாயமானது. முழு உரிமையையும் கேட்பது, கூலியில்லாமல் வேலை வாங்குவது. என் மாணவர்களை நான் அதற்கு அனுப்புவதில்லை.

ஜாம் முடிந்தபின் அந்த ஓவியங்கள் பெரும்பாலும் கணினியிலேயே கிடந்துவிடுகின்றன. அவற்றைக் கொடுங்கள், ஆனால் பயன்படும்படி கொடுங்கள். ஜேபெக் வேண்டாம், பின்னணி நீக்கிய பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். வெள்ளைப் பின்னணியில் வரைந்து பிறகு வெட்டியிருந்தால், இருண்ட குகைக்காட்சியில் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் வெண்கோடு ஒட்டியிருப்பது தெரியும். கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸில் ஓடும் விளையாட்டு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டால் ஆண்ட்ராய்டில் படம் கிடைக்காமல் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிரிட்டா, கிம்ப் போன்ற ஓவிய மென்பொருளில் வரைந்த மூலக்கோப்பையும், அடுக்குகள் கலையாமல், சேர்த்துவிடுங்கள். கூடவே ஒரு சிறிய உரைக்கோப்பு: படைப்பின் பெயர், உங்கள் பெயர், கிடைக்கும் முகவரி, உரிமமும் அதன் பதிப்பு எண்ணும்.

பெயர் போடாமல் யாராவது பயன்படுத்தினால் கோபத்தோடு ஊரைக் கூட்டாதீர்கள். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தப் படம், எங்கே இருக்கிறது, எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று அந்த வரியையே எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானோர் தெரியாமல் விட்டவர்கள்தான், சொன்னதும் சேர்த்துவிடுவார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் இதற்கு இடமும் இருக்கிறது: மீறல் தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால், இழந்த உரிமம் தானாகவே அவருக்குத் திரும்பிவிடும். அதற்கு முந்தைய 3.0 பதிப்பில் அந்தச் சலுகை கிடையாது, ஓவியரிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். பழைய படங்களைப் புதிதாக வெளியிடுகிறவர்கள் 4.0 என்றே போடுங்கள்.