எக்சோசோம்: சொல்லும் பொருளும்

எக்சோசோம் என்பது செல் தனக்குள்ளே உருவாக்கி வெளியே அனுப்புகிற, சவ்வால் சூழப்பட்ட மிகச் சிறிய பையைக் குறிக்கும். அதன் விட்டம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். கிரேக்கத்தில் ‘எக்சோ’ என்றால் புறம், ‘சோமா’ என்றால் உடல். ஆகவே சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘புறவுடல்’. இந்தப் பெயர் பை போய்ச் சேரும் இடத்தை மட்டுமே சொல்கிறது. அது பிறக்கும் இடத்தைப் பற்றியோ, எந்தப் புரதங்கள் அதில் ஏற்றப்படுகின்றன என்பதைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை. இச்சொல்லைச் சுற்றி எழுந்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்தக் குறையிலிருந்தே வந்தது.

1981இல் டிராம்ஸ் குழுவினர், வளர்ப்பூடகத்தில் வளரும் செல்கள் உதிர்க்கும் நொதியேறிய நுண்பைகளுக்கு இப்பெயரை முன்மொழிந்தார்கள். அவை செல்லின் மேற்பரப்பிலிருந்து உதிர்பவை என்றே அப்போது கருதப்பட்டது. 1983இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹார்டிங், ஹியூசர், ஸ்டால் ஆகியோர் எலியின் முதிராச் சிவப்பணுக்களிலும், கனடாவின் மான்ட்ரியல் நகரில் பான், ஜான்ஸ்டோன் இருவரும் செம்மறியாட்டின் முதிராச் சிவப்பணுக்களிலும் வேறொரு நிகழ்வைக் கண்டார்கள். சிவப்பணு முதிர்ந்ததும் இரும்பை உள்வாங்கும் வேலை முடிந்துவிடுவதால், இரும்பைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி அதற்குத் தேவைப்படுவதில்லை. அந்த ஏற்பி முதலில் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே சிறு பைகளில் அடைபட்டு, பிறகு அந்தப் பைகளோடு வெளியேறுகிறது. 1987இல் ஜான்ஸ்டோன் குழுவினர் இவ்வகைப் பைகளுக்கு எக்சோசோம் என்ற பெயரை எடுத்தாண்ட பின்னர், அச்சொல்லின் பொருள் செல்லின் உள்ளிருந்து வருபவற்றை நோக்கி நகர்ந்தது.

எக்சோசோம் பிறக்கும் இடம் எண்டோசோம் எனப்படும் உள்ளறை. அதன் சவ்வு உட்புறமாகக் குழிந்து, கிள்ளப்பட்டு, அறைக்குள்ளேயே பல சிறு பைகளாக விழுகிறது. அந்த நிலையில் அறைக்குப் பல்பை உடலம் என்று பெயர். இந்த அறைகளில் பல, செல்லின் சிதைப்பு அறையான லைசோசோமோடு இணைந்து, உள்ளிருப்பவை அங்கே சிதைக்கப்படுகின்றன. சில மட்டும் செல்லின் மேற்சவ்வோடு இணைந்து பைகளை வெளியே கொட்டுகின்றன. சவ்வு இருமுறை உட்குழிந்திருப்பதால், செல்லின் மேற்பரப்பில் புறத்தை நோக்கியிருந்த புரதப்பகுதி எக்சோசோமிலும் புறத்தையே நோக்கியிருக்கும்; பையின் உள்ளே இருப்பது செல்லின் சைட்டோபிளாச நீர்மம்.

எந்தப் புரதம் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்யும் வழிகளில் நன்கு ஆராயப்பட்டது, 2001 முதல் ஈஸ்ட் செல்களில் ஸ்காட் எம்ரின் ஆய்வகம் விரித்துரைத்த புரதக் கூட்டுத் தொகுதி. அதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கமான ESCRT என்பதை ஆய்வாளர்கள் ‘எஸ்கார்ட்’ என்றே ஒலிக்கிறார்கள். வழித்துணை என்ற பொருளும் அதில் வேண்டுமென்றே பொதிந்திருக்கிறது. அனுப்பப்பட வேண்டிய சவ்வுப் புரதத்தின்மேல் யூபிகுவிட்டின் என்னும் சிறுபுரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. தொகுதியின் முதற்கூறு அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு புரதங்களை ஓரிடத்தில் திரட்டுகிறது. அடுத்த கூறுகள் சவ்வை வளைக்கின்றன. கடைசிக் கூறு பையின் கழுத்தை இறுக்கி அறுக்கிறது. கழுத்து மூடுமுன் யூபிகுவிட்டின் பெரும்பாலும் கழற்றி எடுக்கப்பட்டு, மீண்டும் பயன்படுகிறது. செல்லின் சிக்கனத்துக்கு இது ஒரு நல்ல சான்று. எச்ஐவி வைரசு செல்லிலிருந்து வெளியேறுவதற்கு இதே தொகுதியைத் தனக்கென வளைத்துக்கொள்கிறது என்பதும் 2001இல் தெரியவந்தது.

ஆனால் எஸ்கார்ட் ஒன்றே வழியன்று. 2008இல் நரம்பிழைகளுக்கு உறையிடும் எலிச் செல்களில் நடந்த ஆய்வு, செராமைடு என்னும் கொழுப்பு சவ்வில் திரளும்போது அத்தொகுதியின்றியும் பை உருவாகிப் புரதம் ஏறுவதைக் காட்டியது. சிண்டிகேன், சின்டெனின், அலிக்ஸ் ஆகிய புரதங்கள் கைகோத்து நடத்தும் வழி 2012இல் வெளிவந்தது. டெட்ராஸ்பானின் என்னும் சவ்வுப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த சிடி63 போன்றவை சவ்வில் சிறு திட்டுகளாகக் கூடித் தம்மோடு சேரும் புரதங்களையும் இழுத்துச் செல்கின்றன. ஒரே செல்லில் பல வழிகள் ஒருங்கே இயங்குவதால், வெளிவரும் பைகள் எல்லாம் ஒரே உள்ளடக்கம் கொண்டவையாக இருப்பதில்லை.

மேற்சவ்விலிருந்து நேரடியாகக் கிள்ளப்பட்டு வெளிவரும் நுண்பைகளும் உண்டு. அவற்றுள் சிறியவை எக்சோசோம்களின் அளவையே கொண்டவை. வெளியே வந்தபின் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இதனால், எண்டோசோமில் பிறந்ததற்குச் சான்று இருந்தாலொழிய எக்சோசோம் என்று எழுதாமல், இவற்றை ‘எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிக்கிள்’ என்ற பொதுப்பெயராலேயே குறிக்குமாறு இத்துறையின் பன்னாட்டுக் கழகம் 2018, 2023 வழிகாட்டுதல்களில் பரிந்துரைத்தது. ஆக, தமிழில் எழுதுவோருக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்.

பொதுப்பெயருக்குச் ‘செல்புற நுண்பை’ பொருந்தும். ‘நுண்குமிழ்’ என்றும் எழுதுகிறார்கள்; குமிழ் என்றதும் காற்றடைத்து உடைவதே நினைவுக்கு வருகிறது, இங்கோ உள்ளே இருக்கும் சரக்குதான் முக்கியம். ‘வெசிக்கிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் சிறு பையையே குறிக்கிறது. செல்லைக் கலம் என்று வழங்கும் ஈழத்தமிழ் மரபில் எழுதுவோர் ‘கலப்புற’ என்றால் ‘கலப்பு உற’ என்று படிக்க நேரும். ‘கலவெளி நுண்பை’ என்பது அவர்களுக்கு உகந்தது. எக்சோசோமைப் ‘புறவுடல்’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. குரோமோசோமுக்கு ‘நிறவுடல்’ என்னாமல் ‘நிறப்புரி’ என்றவர்கள் மூலச்சொல்லை விட்டுப் பொருளின் தோற்றத்தைப் பிடித்தார்கள். அவ்வழியில் இதனை ‘அகமூல நுண்பை’ எனலாம், அல்லது எக்சோசோம் என்றே ஒலிபெயர்த்து முதலிடத்தில் விளக்கலாம்.

ஆங்கிலத்தில் ‘சார்ட்டிங்’ எனப்படும், புரதங்களைப் பிரிக்கும் செயலுக்கு ‘வகைப்படுத்தல்’, ‘தரம்பிரித்தல்’ இரண்டுமே பொருந்தா. செல் அங்கே வகை காண்பதுமில்லை, மதிப்பிடுவதுமில்லை. சிலவற்றைத் தேர்ந்து ஏற்றி, மற்றவற்றை விட்டுவிடுகிறது. ‘தேர்ந்தேற்றல்’ என்றால் இரு செயல்களும் ஒரு சொல்லில் அடங்கும்.

எக்சோசோம் என்ற இதே பெயரை ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஒரு புரதத் தொகுதிக்கும் 1997இல் ஈஸ்ட் ஆய்வாளர்கள் வைத்தார்கள். நுண்பைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதனைக் குறிக்கும்போது ‘ஆர்என்ஏ எக்சோசோம்’ என்று அடைமொழியோடு எழுதுவதே முறை.