அட்டையில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று இருந்தால், அது சட்டப்படி என்ன வாக்குறுதி?

என் அக்கா மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பே அவள் சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும். இதற்கு மருந்து மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் குளூட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். வடமாநிலங்களை விட நம் பக்கம் இந்த நோய் மிகக் குறைவு. அதனால் அவளுக்கு வந்திருப்பது இதுதான் என்று தெரியவே இரண்டு வருஷம் ஆனது.

இப்போது மதுரை கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில்கூட 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட்டும் நூடுல்ஸும் மாவும் கிடைக்கின்றன. உடம்பு இளைக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு அது விருப்பம். எங்கள் வீட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

'குளூட்டன் ஃப்ரீ' வெறும் விளம்பர வார்த்தை அல்ல. இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பெயரைப் போட முடியாது. 20-க்கு மேல் 100 வரை இருந்தால் அது 'லோ குளூட்டன்'. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். சீலியாக் உள்ளவர்களுக்கு இரண்டாவது வகை ஆகாது.

அந்தச் சொல் இல்லாத பாக்கெட்டுகளுக்கும் ஒரு விதி உண்டு. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கி அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் சமைக்கிறார்கள் என்றால், 'வீட்' (கோதுமை), 'பார்லி', 'மால்ட்' என்ற ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி, அடையாளம் காட்டிவிடுங்கள். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லிதான். சத்துமாவு பானங்களில் ஒளிந்திருப்பது அதுதான்.

எங்களை ஏமாற்றியது பெருங்காயம். இட்லி, தோசை, சாம்பார் எல்லாமே அரிசியும் பருப்பும்தானே என்று நிம்மதியாக இருந்தோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா, அதாவது கோதுமை மாவு, கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது போட்டிருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகத் தேடி வாங்குகிறோம்.

லேபிள் விதி எட்டாத இடங்களும் உண்டு. குதிரைவாலியும் கேழ்வரகும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. நம் மதுரை வேளாண் கல்லூரியே எம்டியு 1 என்று ஒரு குதிரைவாலி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த மாவு உங்கள் கேழ்வரகிலும் வரும். புரோட்டா போட்ட கல்லிலேயே ஊற்றிய கறி தோசையும் அப்படித்தான். பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள ஹோட்டல்கள் ஒவ்வாமைப் பொருள் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தெருமுனைக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ரேஷனில் கோதுமை கட்டாயமில்லை. கோதுமை வாங்கினால் அது அரிசி அளவில் கழியும். வேண்டாம் என்றால் முழுவதையும் அரிசியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று, 2006 உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. வாங்கிய உணவை, கட்டணம் செலுத்தி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுத்து அறிக்கை பெறலாம். அதிகாரிதான் வர வேண்டும் என்றில்லை, சாதாரண வாடிக்கையாளரே கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. குளூட்டன் சோதனையை எங்கே செய்வார்கள், கட்டணம் எவ்வளவு என்று மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பாக்கெட்டை வாங்குங்கள்.

லேபிளில் பொய் சொன்னால் 3 லட்சம் ரூபாய் வரையும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். புகாரை 94440 42322 என்ற மாநில உணவு பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். பில், பாக்கெட்டின் இரண்டு பக்கப் படம், 14 இலக்க உரிம எண், பேட்ச் எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். காலி பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கே சீலியாக் இருக்குமோ என்று சந்தேகமா? கோதுமையை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் ரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்று தவறாகக் காட்டலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், சோதனை முடியட்டும்.