கண்ணுக்கும் திரைக்கும் ஒரு முழம்

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு டிவி 43 அங்குலம். சாயங்காலமானால் அதற்கு எதிரே அம்மாவின் குரல் கேட்கும்: "தள்ளி உக்காருடா, கண்ணு அவிஞ்சு போகும்." திட்டு வாங்குவது என் அண்ணன் மகன், நான்காம் வகுப்பு. இரண்டடி பின்னால் நகர்வான். விளம்பரம் முடிவதற்குள் மறுபடி முன்னால் வந்துவிடுவான். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு, இவன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கண்ணைச் சோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75 பவர், அதாவது கிட்டப்பார்வை.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா கண் கலங்கிவிட்டார். டிவியைக் கழற்றி விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஏனென்றால் இங்கே முன்னது பின்னதாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மைனஸ் 1.75 உள்ள கண்ணுக்குச் சுமார் 57 சென்டிமீட்டர் வரைதான் எதுவும் துல்லியமாகத் தெரியும். அதைத் தாண்டினால் கலங்கல். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அவனுக்குப் படம் சரியாகத் தெரிந்திருக்காது. பையன் முன்னால் போய் உட்கார்ந்ததே பார்வை குறைந்ததற்கான அடையாளம். அதை நாங்கள் சேட்டை என்று நினைத்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று டிவியை ஒட்டி உட்கார ஆரம்பித்தால், திட்டுவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

அப்படியானால் தூரத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆனால் டிவியிடம் அல்ல.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப்படலம் செய்கிறது. அது மாறாதது. மீதியைச் செய்வது உள்ளே இருக்கும் வில்லை. அது வளைந்து கொடுக்கும். அதைச் சுற்றி மோதிரம் போல ஒரு தசை இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அந்தத் தசை தளர்ந்து கிடக்கும், வில்லை தட்டையாக இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், வில்லை உப்பும். எவ்வளவு உப்ப வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தூரத்தை மீட்டரில் எடுத்து, ஒன்றை அதால் வகுத்தால் வருவதுதான் கண் போட வேண்டிய பவர். வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் நின்று நடு மண்டபத்தைப் பார்த்தால் தூரம் நூறு மீட்டருக்கு மேல். வேலை ஏறக்குறைய பூஜ்யம். பத்தடி தள்ளியிருக்கும் டிவிக்கு மூன்றில் ஒரு பங்கு பவர். ஒரு முழம் தள்ளிப் பிடித்த புத்தகத்துக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஜாணில் பிடித்த செல்போனுக்கு நாலரை. அதாவது டிவியைவிடப் பத்து மடங்குக்கு மேல். இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கித் திரும்பி நிற்க வேண்டிய வேலை இதற்கு மேல் தனி.

இந்த வளைந்து கொடுக்கும் சக்தி வயதோடு போய்விடும். பத்து வயதில் பன்னிரண்டு பவருக்கு மேல் இருக்கும். நாற்பத்தைந்தில் மூன்று நாலு தேறினால் அதிகம். அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து வில்லை வைத்திருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. 1992-ல் அதன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் இந்தச் செயற்கை வில்லைகளை இங்கேயே குறைந்த விலைக்குச் செய்ய ஆரம்பித்ததும் பெரிய காரியம். ஆனால் சாதாரணச் செயற்கை வில்லை உப்பாது. மொட்டை மாடியில் நின்றால் யானைமலையின் பாறைக்கோடுகள் அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. கீழே வந்து மல்லிகை கட்ட உட்கார்ந்தால் நாருக்கும் காம்புக்கும் கண்ணாடி தேவைப்படுகிறது. கண்ணுக்குள் வில்லை என்ன வேலை செய்கிறது என்பதை எந்தப் படத்தையும்விட இது எனக்கு நன்றாகக் காட்டியது.

என் கவலை குழந்தைகளைப் பற்றித்தான். அவர்களிடம் சக்தி ஏராளமாக இருப்பதால் ஜாண் தூரத்தில் செல்போனை இரண்டு மணி நேரம் பிடித்தாலும் வலிக்காது. வலி இல்லாததால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

டிவி மீதான பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் விற்ற பெரிய கலர் டிவிகளில் பல்லாயிரம் பெட்டிகள் அளவுக்கு மீறி எக்ஸ் கதிர்களைக் கசியவிடுவது தெரியவந்தது. அந்தக் காலப் பெட்டிகள் உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சுபவை. அடுத்த ஆண்டே அங்கே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்றைய எல்இடி டிவியில் அந்தப் பாய்ச்சலே கிடையாது, எக்ஸ் கதிரும் கிடையாது.

டிவிக்கு எவ்வளவு தூரம் என்பது இன்று படத்தின் தரத்தைப் பொறுத்த கேள்வி. நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்ட எழுத்துப் பலகையின் அளவுகோலும் அதுதான். எங்கள் 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். ஃபுல் ஹெச்டி என்றால் அதில் 1,920 புள்ளிகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடி தள்ளினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் வழுவழுப்பாகிவிடும். 4கே என்றால் அதில் பாதித் தூரமே போதும். அதற்கும் முன்னால் போனால் புள்ளி தெரியும், கண் கெடாது.

சரி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்காருபவர்களுக்குக் கண் எரிகிறதே, அது என்ன? பெரும்பாலும் இமை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடுகிறது. அதிலும் சில அரைகுறைச் சிமிட்டல். கண்மீதுள்ள கண்ணீர்ப் படலத்தில் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு, நீர் காயாமல் காப்பது அதுதான். சிமிட்டும்போதெல்லாம் அது புதிதாகப் பூசப்படுகிறது. சிமிட்டாவிட்டால் படலம் கிழிந்து காய்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில், மேலே ஃபேன் முகத்துக்கு நேராகச் சுற்ற, மூன்று மணி நேரம் சிமிட்டாமல் உட்கார்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? ஃபேனைத் திருப்புங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை நீளத்தில் வையுங்கள். இமை தாழ்ந்து கண் மூடியிருக்கும் பரப்பு கூடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள். இந்த எரிச்சல் ஓய்வு கொடுத்தால் போய்விடும், பார்வையைத் தின்னாது.

கிட்டப்பார்வை அப்படி இல்லை. அது வந்தால் திரும்பாது. ஏனென்றால் அது கண்ணின் நீளம். பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளமுள்ள விழி, பெரியவர்களுக்கு 24 ஆக வளர்ந்து நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே ஏறக்குறைய இரண்டரை பவர் வந்துவிடும். எங்கள் பையனுக்குக் கூடியிருப்பது முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. எங்கே நிறுத்த வேண்டும் என்று விழிக்கு எப்படித் தெரிகிறது? 1980-களில் கோழிக்குஞ்சுகளின் கண்ணுக்கு முன் மைனஸ் வில்லையை மாட்டிப் பார்த்தார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழுந்தது. விழி நீண்டுபோய் அதைப் பிடித்துக்கொண்டது. ப்ளஸ் வில்லை மாட்டினால் வளர்ச்சி மெதுவானது. பார்வைப் பரப்பில் பாதியை மட்டும் மறைத்தால் விழியின் அந்தப் பாதி மட்டும் நீண்டது. மூளைக்குப் போகும் நரம்பை வெட்டினாலும் விழி தன் வேலையைப் பார்த்தது! வளரலாமா நிற்கலாமா என்று விழித்திரையே முடிவு செய்கிறது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

விழித்திரையின் அந்த முடிவில் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஒன்று, நெடுநேரம் பக்கத்தில் பார்ப்பது. செல்போனா புத்தகமா என்று கண்ணுக்குப் பேதம் கிடையாது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் கைகளுக்கு மேலே குனிந்திருக்கும் கண்ணுக்கும் இதே வேலைதான். இன்னொன்று, இதைவிட உறுதியாகத் தெரியவந்திருப்பது, வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். மதுரை உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். வேப்பமர நிழலில்கூடப் பல ஆயிரம். ட்யூப்லைட் போட்ட அறையில் முந்நூறு இருந்தால் பெரிது. நம் கண்ணுக்கு அறையும் வெளிச்சமாகத்தான் படும், ஆனால் விழித்திரைக்கு வித்தியாசம் தெரிகிறது. பிரகாசமான ஒளியில் அது சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது இன்றைய விளக்கம். சீனாவின் குவாங்ஜோவில் பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, இவர்களில் 30.4 சதவீதம்.

கண்ணாடி வாங்கப் போன கடையில் நீல ஒளியைத் தடுக்கும் வில்லை என்று கூடுதலாகப் பணம் வாங்கினார்கள். அதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அந்த வில்லையால் கண் களைப்பு குறைவதாக 2023-ல் பதினேழு சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வுக்குச் சான்று கிடைக்கவில்லை. திரையைவிடப் பகல் வானம் எத்தனையோ மடங்கு நீல ஒளியைத் தருகிறது. படுக்கும் நேரத்தில் செல்போன் பார்த்தால் தூக்கம் தள்ளிப்போகும். அதற்கு வைத்தியம் செல்போனைக் கீழே வைப்பதுதான். "எப்பவும் கண்ணாடி போட்டா பவர் ஏறும்" என்று உறவில் ஒருவர் சொன்னார். அதுவும் தவறு. மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவின்படி அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

கண்ணாடி வந்த அன்று பையன் மாடிக்கு ஓடினான். "சித்தப்பா, மலையில கோடு கோடா இருக்கு!" என்றான். பிறந்ததிலிருந்து அந்த மலையடியில்தான் இருக்கிறான்.

இப்போது வீட்டில் நடப்பது இது. டிவி பழைய இடத்திலேயே இருக்கிறது. செல்போனில் பாடம் பார்க்க வேண்டியிருந்தால் முழங்கையை மேசையில் ஊன்றி, அவன் கையால் ஒரு முழம் விட்டுத்தான் வைக்க வேண்டும். பூ அளந்து பழகிய கை என்பதால் இதை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் வெயில் சாயும் வரை கிரிக்கெட். மிச்சமிருப்பது பள்ளிக்கூடம். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பீரியடையும் மைதானத்துக்கே விடும்படி அண்ணன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பையன் வகுப்பில் இன்னும் பதினொரு பேரின் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.