மாறிலி: கணிதத்திலும் ஆர் மொழியிலும்

ஆங்கிலத்தில் ‘கான்ஸ்டன்ட்’ என வழங்கும் சொல், உறுதியாக நிற்றல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அதற்கு நிகரான மாறிலி, ‘மாறு’ என்னும் வினையோடு இன்மையைக் குறிக்கும் ‘இலி’ சேர்ந்து அமைந்தது; முடிவிலி, ஏதிலி என்பனவும் இவ்வாறு அமைந்தவையே. சிலர் ‘நிலையெண்’ என்றும் எழுதுகின்றனர். புள்ளியியல் நிரலாக்கத்தில் அது பொருந்தாது. புள்ளியியல் கணக்கீட்டுக்கான நிரல்மொழியாகிய ஆர் (R) உள்ளமைந்த மாறிலிகளாகத் தரும் ஐந்தில் வட்டத்துக்குரிய ‘பை’ (pi) ஒன்றே எண். ஏனையவை ஆங்கிலப் பேரெழுத்துகள், சிற்றெழுத்துகள், மாதப் பெயர்கள், அவற்றின் சுருக்கங்கள். இயல் மடக்கையின் அடிமானமான e-க்கு அங்கே தனிப்பெயர் இல்லை. அடுக்குக்குறிச் சார்பில் (exp) 1 என இட்டு 2.718282 எனப் பெற வேண்டும்.

கணிதத்தில் மாறிலியான பை, இம்மொழியின் அமைப்பில் ஒரு மாறியே. அடிப்படைத் தொகுப்பிலுள்ள மதிப்பு பூட்டப்பட்டிருந்தாலும், அதே பெயரில் நாம் வேறொரு மதிப்பை உருவாக்க முடியும். புதியது பழையதை மறைத்துவிடும். ஏற்காட்டுக் காபித் தோட்டமொன்றில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களைச் சேலத்து மாணவர் ஒருவர் அளப்பதாகக் கொள்வோம். மார்பளவு உயரத்தில் ஒரு மரத்தின் சுற்றளவு 94.2 செ.மீ. என்றால், அதைப் பையால் வகுக்க, விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. என வரும். அதே நிரலில், தண்டுத் துளைப்பான் தாக்கிய காபிச் செடிகளின் விகிதத்தையும் அவர் பதிய வேண்டியிருக்கிறது. கணிதவியலார் வில்லியம் ஜோன்ஸ் 1706இல் வட்டத்துக்கு ஆண்ட கிரேக்க எழுத்தையே புள்ளியியலார் விகிதத்துக்கும் ஆள்வதால், அப்பெயருக்கு அவர் 0.4 எனக் கொடுத்துவிட்டால், அம்மரத்தின் விட்டமே 235.5 செ.மீ. ஆகிவிடும், பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். தோராயமாக இருக்கட்டும் என்று யாரேனும் 3 என இட்டிருந்தாலோ 31.4 செ.மீ. என வந்து, ஐயத்துக்கு இடமின்றி ஆய்வறிக்கைக்குள் சென்றுவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான். புதிதாக உருவாக்கிய பெயரை நீக்கினால் பழைய மதிப்பு மீளும். அடிப்படைத் தொகுப்பின் பெயரை முன்னே சேர்த்து (base::pi) எழுதினாலும் உரிய பை கிடைக்கும்.

அந்தப் பையும் தோராயமே. திரையில் தெரியும் 3.141593 காட்சிக்கான சுருக்கம். உள்ளே 53 இரும இலக்கத் துல்லியத்தில் மதிப்பு இருக்கிறது. அதனால் அதன் சைன் மதிப்பைக் கேட்டால், பூச்சியத்துக்குப் பதிலாக, தசமப் புள்ளிக்குப் பின் பதினாறாம் இடத்தில் தொடங்கும் ஒரு சிற்றெண் விடையாக வரும்.

ஆகவே பாடம் எழுதுவோர் கணித மதிப்பை மாறிலி என்றும், அதைத் தாங்கும் நிரற்பெயரை ‘முன்வரையறுத்த பெயர்’ என்றும் பிரித்தெழுதுவது நல்லது. மெய், பொய் ஆகியவற்றைக் குறிக்கும் முழு ஆங்கிலச் சொற்களுக்கு (TRUE, FALSE) ஆர் மொழி வேறு மதிப்பை ஏற்காது. அவற்றை ‘ஒதுக்கிய சொற்கள்’ எனலாம். அவற்றின் ஓரெழுத்துச் சுருக்கங்களுக்கு (T, F) அந்தக் காப்பு இல்லை.