ஆயில் சீல் மாற்றும் முன் பிரீத்தரைப் பாருங்கள்

"பழைய அம்பாசிடர்தானே, ஒழுகத்தான் செய்யும்" என்பது பாதி உண்மை. என் பட்டறைக்கு ஆயில் லீக் என்று வரும் வண்டிகள் பலவற்றில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) பேக்கிங், டாப்பெட் கவர் பேக்கிங், முன் சீல் எல்லாம் ஏற்கெனவே புதிதாகத்தான் இருக்கும். ஒழுகல் மட்டும் நின்றிருக்காது. உள்ளே அடைபட்ட வாயுவை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிஸ்டன் ரிங் நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கிராங்க் கேஸுக்குள், அதாவது இன்ஜினின் கீழ்ப்பகுதிக்குள், இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். பழைய அம்பாசிடரின் 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினில் டாப்பெட் பக்கக் கவரிலிருந்து (இன்ஜின் பக்கவாட்டில் உள்ள தகடு மூடி) ஒரு குழாய் கீழே இறங்கும். இதுதான் பிரீத்தர் குழாய். வண்டி ஓடும்போது அடியில் போகும் காற்று அதன் முனையில் உறிஞ்சும். இன்ஜின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து ஒரு ஹோஸ் ஏர் கிளீனருக்குப் போகும். இவை அடைத்தால் வாயு, கிடைத்த இடுக்கு வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வரும்.

அதில் முதலில் அடிபடுவது கிராங்கின் பின்முனை. இந்த இன்ஜினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டிலேயே மரை போல வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பிவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் மரை தோற்றுவிடும். வண்டியை நிறுத்தியபின் ஓரிரு சொட்டு விழுவது இந்த அமைப்புக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். பின்னாளில் வந்த இசூசு இன்ஜின் வண்டிகளின் கதை வேறு.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடானதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் சும்மா கிடந்தாலோ லேசாக உள்ளே இழுத்தாலோ கவலை இல்லை. தூக்கித் தள்ளினால் பிரீத்தர் குழாயையும் ஹோஸையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது அடங்கினால் அடைப்பு குழாயில். அப்போதும் புஸ் புஸ்ஸென்று தள்ளினால் ரிங்கையோ சிலிண்டர் போரையோ (உட்சுவர்) சந்தேகப்படலாம்.

ஒரு வண்டி நெடுநாள் ஷெட்டில் நின்றுவிட்டு வந்தது. ஓட்டத் தொடங்கியதும் எல்லாப் பக்கமும் ஆயில். குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது! அதை இடித்து, கவருக்குள் இருந்த கசடையும் மண்ணெண்ணெயில் கழுவியதும் ஒழுகல் பெருமளவு அடங்கியது. அதற்கு முன்பே பக்கக் கவர் போல்ட்டை யாரோ இறுக்கி இறுக்கி, தகடு வளைந்து போயிருந்தது. கார்க் பேக்கிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் அது பிதுங்கி லீக் கூடும். அடுத்து பேஸ்ட்டை அப்புவார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து ஸ்ட்ரெய்னரை (ஆயில் வடிகட்டும் வலை) அடைத்தால் ஆயில் பிரஷரே போய்விடும். எனக்கு எரிச்சல் தரும் பழக்கம் இது.

லீக் எங்கிருந்து என்று பார்க்க இன்ஜினைக் கழுவிக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். காற்று ஆயிலைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்ததில் எது மேலேயும் முன்னாலும் இருக்கிறது என்று பாருங்கள். ராக்கர் கவர் கசிவைச் சம்ப் லீக் என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு. டிப்ஸ்டிக் குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ரிங் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

இதெல்லாம் சரி, ஆனாலும் பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) ஓட்டையில் சொட்டு ஓயவில்லை, கிளட்ச் வழுக்குகிறது என்றால் மட்டும் இன்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால், குறைவது இன்ஜின் ஆயிலா கியர்பாக்ஸ் ஆயிலா என்று சில நாள் அளந்து பாருங்கள். இரண்டும் அதே ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும்.